கடைசி நடை வராத ஆறு

மூன்றாவது தடவையும் அமைச்சரின் கார் பாலத்தில் ஏறி, ஏறின கரையிலேயே இறங்கியது.

டிரைவர் ஸ்டீயரிங்கை ஒடிக்கவில்லை, ரிவர்ஸ் எடுக்கவில்லை, அந்தப் பாலத்தில் வண்டியைத் திருப்ப இடமும் கிடையாது. நேராகத்தான் போனான், மூன்று தடவையும் நேராகத்தான் போனான், தூண்களை வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனான், பதினெட்டாவது தூண் தாண்டினதும் அந்தக் கரையின் பெட்ரோல் பங்க் தெரிய வேண்டிய இடத்தில் இந்தக் கரையின் டீக்கடை தெரிந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் முதல் தடவை பார்த்த மாதிரியே மூன்றாவது தடவையும் பார்த்தார்கள். அதில் ஒருத்தர் மட்டும் பேப்பரை மடக்கிவிட்டு, டீசல் வீணாப் போகுது, இறங்கி மணலுக்கு வாங்க சார், நாங்க எல்லாரும் அப்படித்தான் போறோம் என்றார்.

பின் சீட்டில் அமைச்சர் பொன்னுரங்கம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆச்சரியம் வரவில்லை. அறுபத்து மூன்று வயசு, அதில் முப்பத்தைந்து வருஷம் கட்சியில் கழிந்தது. கிளம்பின இடத்துக்கே திரும்பி வருவது அவருக்குப் புதுசில்லை. முட்டி வலித்தது. இறங்கினார்.

ஏழுகல்துறையில் இது நாற்பத்தொன்றாவது நாள்.

முதல் நாள் ஒரு வியாழக்கிழமை. காலை ஆறரை டவுன்பஸ் பாலத்தில் போய்ப் பாலத்திலிருந்து வந்தது. கண்டக்டர் இறங்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டார், மறுபடி போனார்கள், மறுபடி வந்தார்கள். பிறகு சைக்கிள்காரர்கள் போய் வந்தார்கள், நடந்தவர்கள் போய் வந்தார்கள், பின்பக்கமாக நடந்தவர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தவர்களும் போய் வந்தார்கள், இரண்டு பையன்கள் ஓடினார்கள், வேகமாக வந்து சேர்ந்தார்கள், அவ்வளவுதான். நாற்பது கிலோமீட்டர் சுற்றி அணைப்பக்கம் போன வேன், அணையைத் தாண்டி அந்தக் கரை ஊர்களை எல்லாம் பார்த்துக்கொண்டே வந்து, கடைசி வளைவு திரும்பினதும் இந்தக் கரை பஸ் ஸ்டாண்டில் நின்றது. அந்தக் கரைக்காரர்களுக்கும் இதே கதைதான். தொட்டையாற்றில் தண்ணீர் வந்து பதினாறு வருஷமாகிறது. வெறும் மணல். அந்த மணலில் இறங்கி நடந்தவர்களும் நடுவில் எங்கேயோ திரும்பாமலே திரும்பி, கிளம்பின கரைக்கே செருப்பில் மணலோடு வந்து சேர்ந்தார்கள்.

நான்காம் நாள் மாதையன்தான் வழி கண்டுபிடித்தார். கண்டுபிடித்தார் என்று சொல்வதுகூட அதிகம். அவர் அப்பா காலத்துப் பரிசல் ஒன்று வீட்டுக்குப் பின்னால் கோழி கவிழ்க்கக் கிடந்தது. அவருக்கும் அவர் சம்சாரத்துக்கும் சண்டை. அந்தக் கரையில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போயே தீருவேன் என்று அந்தம்மா நின்றார். போறதுன்னா இதுல ஏறிப் போ என்று கோபத்தில் பரிசலை மணலில் தள்ளி, அதில் அவரை உட்காரவைத்து, மூங்கில் கழியை ஊன்றி ஒரு தள்ளு தள்ளினார். பரிசல் போனது. தண்ணீரில் போகிற மாதிரியே, கொஞ்சம் சுற்றிக்கொண்டு, கொஞ்சம் ஆடிக்கொண்டு, மணல் மேல் போனது. அந்தக் கரையில் இறங்கின அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார் என்பதுதான் மாதையனுக்கு இன்றைக்கும் குறை. மற்றபடி ஊருக்கு வழி கிடைத்தது.

அதற்கப்புறம் ஊர் அதை எடுத்துக்கொண்ட வேகம்தான் பெரிசு. ஒரு வாரத்தில் அறுபது பரிசல் வந்தது, மூங்கில் விலை ஏறியது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தனிப் பரிசல், மாப்பிள்ளை வீட்டாருக்குச் சீரியல் லைட் கட்டின பரிசல், பிணத்துக்கு மேளத்தோடு ஒரு பரிசல், டிராக்டரில் கட்டி இழுத்துப் பார்த்தால் நகரவில்லை, ஆள் கழி ஊன்றினால்தான் நகர்ந்தது, ஆகவே கழி ஊன்ற ஆள் வந்தது, ஆளுக்கு டீ வந்தது, மணல் நடுவில் டீக்கடை வந்தது, டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையார் வந்தார். பத்தாம் நாள் யாரும் பாலத்தைப் பார்க்கவில்லை. பதினைந்தாம் நாள் பாலத்தில் மிளகாய் காயப்போட்டார்கள். ஏன் இப்படி ஆச்சு என்று வெளியூர்க்காரன் யாராவது கேட்டால், ஏன்னா என்ன, ஆத்தைத் தாண்டப் பரிசல்ல போறோம், இதுல என்ன அதிசயம் என்று திருப்பிக் கேட்டார்கள்.

காரணம் கிளை நூலகத்தில் இருந்தது. அரசு அச்சகம் பழைய சட்டங்களை எல்லாம் சேர்த்துப் புது பைண்டிங்கில் போட்ட தடிப் புத்தகம் அது. முதல் வியாழக்கிழமை காலைதான் நூலகத்துக்கு வந்து அலமாரியில் ஏறியிருந்தது. ரிடையர்டு வாத்தியார் ஒருத்தர் தூக்கம் வருவதற்காக அதைப் புரட்டிக்கொண்டிருந்தவர், நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் முழித்துக்கொண்டார். ஏழுகல்துறைப் பரிசல் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். ரத்துச் செய்ய யாருக்கும் ஞாபகம் வராத சட்டம். 'பரிசலில் கழி ஊன்றிச் செல்வாரன்றி எவரும் எவ்வழியேனும் இத்துறையைக் கடத்தலாகாது. கடப்பவர் வந்த கரைக்கே திருப்பப்படுவார்.'

போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை, அபராதம் இல்லை. சட்டம் தானே எழுந்து தன் வேலையைத் தானே பார்த்தது. வாத்தியார் அதை டீக்கடையில் படித்துக் காட்டினபோது ஊருக்கு ஒரு நிம்மதி வந்தது. பேய் இல்லை, சாமி குத்தம் இல்லை, கவர்மெண்டு சட்டம். சட்டம்னா சரி.

சட்டம் எழுந்தபோது முழுசாக எழுந்தது. பதினான்காம் பிரிவும் சேர்ந்து எழுந்தது. துரைமாரும் அவர்தம் சிப்பந்திகளும் முதல் நடை. மேலத்தெரு, வடக்குத் தெரு, கடைத்தெருக்காரர்கள் அடுத்தடுத்த நடை. மற்ற அனைவரும் கடந்து முடிந்த பின், பொழுது சாய்வதற்குள், தெற்குத் தெருவார் கடைசி நடை.

இதை வாத்தியார் படித்துக் காட்டவில்லை. படித்துக் காட்ட வேண்டிய அவசியமே வரவில்லை, பரிசலே சொல்லிவிட்டது. தெற்குத் தெருப் பிள்ளை ஒன்று ஏறின பரிசல் நகரவில்லை. எவ்வளவு ஊன்றினாலும் கழிதான் மணலுக்குள் போனது. இறங்கினால் நகர்ந்தது. ஏறினால் நின்றது. இரண்டு தடவை பார்த்தார்கள், மூன்றாம் தடவை புரிந்துவிட்டது. அதற்கப்புறம் பரிசல் நின்றால் கழிக்காரன் கேட்கிற முதல் கேள்வி, யாருப்பா உள்ளே, என்பதாகிவிட்டது. அந்தக் கேள்வியை அறுபது வருஷமாக ஊர் வாயால் கேட்காமல் இருந்தது. மனசால் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, அது வேறு.

கடைத்தெருவில் பாங்க் ஒன்று உண்டு. அதன் மேனேஜர் வெளியூர், நல்ல சட்டை போடுவார், எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் போவார். அவர் ஏறின பரிசல் ஒருநாள் நடு ஆற்றில் நின்றது. பன்னிரண்டு பேர் உள்ளே. யாருப்பா உள்ளே. ஒவ்வொருத்தராக இறங்கிப் பார்த்தார்கள், இறங்கினவர்கள் சிரித்துக்கொண்டே திரும்ப ஏறினார்கள், கடைசியில் மேனேஜர் ஒருத்தர்தான் மிச்சம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கினார், பரிசல் போனது. அவர் பிறந்த ஊரில் எந்தத் தெரு என்பது ஆற்றுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் அவர் வீடு பூட்டிக் கிடந்தது, அடுத்த மாதம் வேறு மேனேஜர் வந்தார்.

அதற்கும் ஊர் பழகிவிட்டது, அதுதான் கேவலம். மேலத்தெருக்காரர்கள் நல்லவர்கள்தான், அதில் பாதிப் பேர் நிஜமாகவே வருத்தப்பட்டார்கள், சேச்சே, இந்தக் காலத்துல இப்படி ஒரு சட்டமா என்று சொல்லிக்கொண்டே முதலில் ஏறிக்கொண்டார்கள். நாங்களா போட்டோம், நாங்க என்ன பண்றது, நாங்க ஏறலேன்னா மட்டும் பரிசல் அவங்களுக்கு நகரப்போகுதா என்றார்கள். நகரும் என்பதுதான் விஷயம். மற்ற அனைவரும் கடந்து முடிந்தால் நகரும். ஆனால் அனைவரும் கடந்து முடிவதில்லை. முன்னே எல்லாம் மாசத்துக்கு ஒருதடவை அந்தக் கரைக்குப் போனவர்கள் இப்போது தினமும் போனார்கள், பரிசலில் போவது ஜாலியாக இருந்தது, போனவர்கள் திரும்பி வந்தார்கள், வந்தவர்கள் மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பப் போனார்கள், பொழுது சாய்ந்தது. ஆரம்பத்தில் தினம் ஒருதடவை வந்த கடைசி நடை, பிறகு இரண்டு நாளைக்கு ஒருதடவை வந்தது. கடைசிப் பதினொரு நாளாக வரவேயில்லை.

தெற்குத் தெருவில் வீராசாமி என்று ஒருத்தர் இருந்தார், சிறுநீரகம் கெட்டுப்போய் வாரம் இரண்டு தடவை அந்தக் கரை ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தவர். அவர் சீமைக்கருவேல நிழலில் கடைசி நடைக்காகக் காத்துக்கொண்டே ஐந்தாவது வாரம் செத்துப்போனார். அவரைக் கொல்லச் சொல்லிச் சட்டத்தில் ஒரு வார்த்தை இல்லை. கடைசி நடை என்றுதான் இருந்தது.

இதற்குள் தெற்குத் தெருவின் குறை மனுவாகப் போயிருந்தது. மனு தலைநகருக்குப் போனதும் ஆரம்பித்தது இன்னொரு ஆறு. பொதுப்பணித்துறை, ஆற்றில் தண்ணீர் இல்லாததால் இது நீர்வழி ஆகாது, எமக்குத் தொடர்பில்லை என்று எழுதியது. போக்குவரத்துத்துறை, பரிசலுக்குச் சக்கரம் இல்லாததால் எமக்குத் தொடர்பில்லை என்றது. வருவாய்த்துறை உள்ளாட்சிக்கு அனுப்பியது, உள்ளாட்சி மீன்வளத்துக்கு அனுப்பியது, மீன்வளம் மீன் இருக்கிறதா என்று கேட்டது. சட்டத்துறை, நாங்கள் சட்டத்தை எழுதித் தருவோமே தவிர வைத்துக்கொள்வதில்லை என்றது. இதற்கு நடுவில் கலெக்டர் நேரில் வந்து மைக் பிடித்து, இச்சட்டம் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று உத்தரவு படித்தார். சட்டம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. எம்.எல்.ஏ. வந்து படித்தார், கண்டுகொள்ளவில்லை. இருபத்துமூன்றாம் பிரிவு தெளிவாக இருந்தது: பொறுப்பாளர் எவரோ, அவரே துறையில் நின்று, கடப்போர் காதுபடத் தம் வாயால் நீக்கினாலன்றி நீங்காது.

பொறுப்பாளர் எவர்? அதைத்தான் ஒருத்தரும் சொல்லவில்லை. ஆறு துறை, ஆறு கடிதம், எல்லாவற்றிலும் தொடர்பில்லை. கடைசியில் யாரோ ஒரு குமாஸ்தா புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். அரசு அச்சகம் என்று போட்டிருந்தது. கோப்பு, அச்சு மற்றும் எழுதுபொருள் துறைக்கு வந்து விழுந்தது.

அந்தத் துறையின் அமைச்சர்தான் பொன்னுரங்கம். மந்திரிசபை அமைத்தபோது எல்லா இலாகாவும் பிரித்து முடிந்து, தெற்குத் தெருக்காரர் ஒருத்தராவது வேண்டுமே என்று யாருக்கோ ஞாபகம் வந்து, மிச்சம் இருந்த இலாகாவைக் கொடுத்தார்கள். அவர் ஊர் வேறு, ஆனால் எல்லா ஊரிலும் ஒரு தெற்குத் தெரு உண்டு. காலண்டர், டயரி, கவர், குண்டூசி. சட்டசபையில் அவர் மானியக் கோரிக்கை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஏழு நிமிஷத்தில் முடியும். அவரும் அதற்குப் பழகிவிட்டார்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்று பொன்னுரங்கத்துக்கும் அவருடைய பி.ஏ. தணிகைநாதனுக்கும் மட்டும் தெரியும்.

அவர் ஆபீசில் கோப்புக்குள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் ஒரு மஞ்சள் துண்டுச் சீட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தணிகைநாதன் சீட்டைப் பிடித்துத் திறப்பான், ஐயா இங்கே என்பான், அவர் போடுவார், மூடுவான், அடுத்தது. நூறு பக்கக் கோப்பில் அமைச்சர் பார்த்தது அந்தச் சீட்டுக்குக் கீழே மூன்று அங்குலம். ஐந்து வருஷமாக அந்த மூன்று அங்குலம்தான் அவருடைய ராஜ்ஜியம். போன வருஷம் ஒரு திங்கட்கிழமை, ஒரு கல்யாணத்துக்கும் ஒரு கட்சிக் கூட்டத்துக்கும் நடுவில், பழைய சட்டங்களை மறுபதிப்புச் செய்து மாவட்டந்தோறும் அனுப்பலாமா என்ற கோப்பு வந்தது. நடைமுறையில் இல்லாததை நீக்கிவிட்டா, அப்படியேவா என்று முந்தின பக்கத்தில் கேட்டிருந்தார்கள். அவர் முந்தின பக்கத்தைப் பார்க்கவில்லை. 'அப்படியே' என்பதற்குக் கீழே மஞ்சள் சீட்டு இருந்தது. போட்டார். கரையான் தின்று ஒரே ஒரு பிரதியில் செத்துக்கிடந்த சட்டம், அந்தக் கையெழுத்தில் புது மையும் புது பைண்டிங்கும் பெற்று எழுந்து, லாரியில் ஏறி, ஏழுகல்துறைக்கு வந்துசேர்ந்தது.

இது தெரிந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் சரியில்லை. ஆனால் தூக்கம் சரியில்லாமல் போனதைத் தவிர அவர் வேறெதுவும் செய்யவுமில்லை. உண்மையைச் சொல்வதென்றால் அப்படித்தான்.

இப்போது கரையில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். காலை எட்டு மணி. மணலில் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது, மாதையன் எல்லாரையும் தெருவாரியாகப் பிரித்து நிற்க வைத்துக்கொண்டிருந்தார். அந்தாளைத் திட்டி என்ன, அவர் அப்படிப் பிரிக்காவிட்டால் ஒரு பரிசலும் போகாது. அமைச்சருக்குத் தனிப் பரிசல் தயாராக இருந்தது, உள்ளே ஜமக்காளம் விரித்திருந்தது. துரைமார் என்றால் இப்போது மந்திரி, முதல் நடை. அதில் சட்டம் அவர் பிறந்த தெருவைப் பார்க்காது, பதவியைத்தான் பார்க்கும் என்று சட்டத்துறை வாய்மொழியாகச் சொல்லியிருந்தது.

செயலாளர் சுபத்ரா ஒரு காகிதத்தை நீட்டினார். ஒரே ஒரு வரி. இச்சட்டம் அச்சு மற்றும் எழுதுபொருள் துறையின் பொறுப்பில் இல்லை. கீழே மஞ்சள் சீட்டு.

"போட்டுட்டு முதல் பரிசல்ல ஏறிடுங்க சார். அந்தக் கரையில பத்திரிகைக்காரங்க நிக்கறாங்க. குழு போடப்போறதா சொல்லிட்டா போதும்."

குழு எத்தனை மாசம் என்று அவர் கேட்டார். ஆறு என்றார் சுபத்ரா. அப்புறம் அதையும் அவர் நம்பாதவர் மாதிரி, குறைந்தபட்சம் என்று சேர்த்துக்கொண்டார். சுபத்ரா கெட்டவர் இல்லை. தன் அமைச்சர் தலைக்கு எதுவும் வரக்கூடாது என்பது அவர் வேலை. குரலைத் தாழ்த்தித்தான் மிச்சத்தைச் சொன்னார்: இதை உங்களோடதுன்னு நீங்க ஒத்துக்கிட்டா இன்னிக்கு ஒருநாள் மட்டும் உங்களோடது ஆகாது சார், நாப்பத்தோரு நாளும் உங்களோடது ஆயிடும், அந்த மேனேஜர், அந்தச் சாவு, எல்லாம். இதுவரைக்கும் யாரும் ஒத்துக்கலை, ஏன் நீங்க?

நியாயமான கேள்வி. தணிகைநாதன் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றான். மேலிடத்திலிருந்து போன் வந்தது. மேலிடம் நீளமாகப் பேசாது. போட்டாச்சா என்று கேட்டது, போடப்போறேங்க என்றார், சரி என்று வைத்துவிட்டது.

சீமைக்கருவேல நிழலில் தெற்குத் தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் போடவில்லை, கோஷம் இல்லை, அதெல்லாம் இருபதாம் நாளோடு தீர்ந்துவிட்டது. டிபன் பாக்சும் தண்ணீர் பாட்டிலுமாகக் காத்திருப்பதையே ஒரு வேலை மாதிரிச் செய்துகொண்டிருந்தார்கள். அதில் யூனிபார்ம் போட்ட ஒரு பெண், ஜெயரூபி, மடியில் புத்தகத்தை விரித்து வைத்துப் படிக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிளஸ் டூ. பரீட்சை மையம் அந்தக் கரையில். தமிழும் இங்கிலீஷும் ஏற்கெனவே போய்விட்டன. இன்றைக்கு இயற்பியல், பத்து மணிக்கு. மறுதேர்வு எழுதிக்கலாம் என்று ஹெச்.எம். ஆறுதல் சொல்லியிருந்தார், மறுதேர்வுக்கும் மையம் அந்தக் கரையில்தான்.

அவள் அம்மா அஞ்சலை எழுந்து வந்தாள். பட்டறையில் கொசுவலை தைக்கிறவள், விரல் நுனியெல்லாம் ஊசி குத்தின தடம். போலீஸ்காரர் குறுக்கே கை நீட்டினார்; பொன்னுரங்கம் விடச் சொன்னார். அவள் கும்பிடவில்லை. மனு எதுவும் கையில் இல்லை.

"ஐயா, இது யாரு சட்டம்?"

சுபத்ராதான் பதில் சொல்ல ஆரம்பித்தார். அரசு ஆராய்ந்து வருகிறது, பல துறைகள் சம்பந்தப்பட்டது, விரைவில். அஞ்சலை அவரைப் பார்க்கவேயில்லை.

"கலெக்டர்கிட்ட கேட்டேன், அவரு இல்லைன்னாரு. எம்.எல்.ஏ. இல்லைன்னாரு. பரிசல்காரர் இல்லைங்கறாரு, மேலத்தெருவுல இல்லைங்கறாங்க. செத்துப்போன வெள்ளைக்காரனைப் போய் நான் என்னத்தைக் கேக்கறது? நாங்க தினம் காலைல எந்திரிச்சு யாரைத் திட்டறதுன்னு தெரியாம எங்களையே திட்டிக்கறோம். நான் இவளைத் திட்டறேன், இவ என்னைத் திட்டறா. திட்டறதுக்காவது ஒரு பேரு குடுங்கய்யா."

அவ்வளவுதான் அவள் கேட்டது. சட்டத்தை எடு என்றுகூடக் கேட்கவில்லை.

பொன்னுரங்கம் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக மஞ்சள் சீட்டுக்கு மேலேயிருந்து படித்தார், மேலே படிக்க அதிகம் இல்லை, ஒரு வரிதான், அதை இரண்டு தடவை படித்தார். அவர் சின்ன வயசில் அவர் ஊர்க் கிணற்றடியில் அவர் அம்மாவும் இப்படித்தான் நின்றாள், யார் போட்ட முறை இது என்று கேட்டாள், எல்லாரும் இல்லை இல்லை என்றார்கள், முறை மட்டும் இருந்தது. அவர் அரசியலுக்கு வந்ததற்கு அதுதான் காரணம் என்று எத்தனையோ மேடையில் சொல்லியிருக்கிறார். சொல்லிச் சொல்லி அது அவருக்கே அலுத்துப் போயிருந்தது.

நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். வீரம் ஒன்றும் இல்லை. இதற்கு மேல் இந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்கிற அலுப்புதான் எழுப்பியது. மணலில் நாலடி இறங்கினார், செருப்புக்குள் மணல் போனது. மைக் வேண்டாம் என்றார். மாதையன் கழியை நிறுத்தினார், ஏறினவர்கள் பரிசலுக்குள்ளிருந்தே திரும்பினார்கள்.

"என்னோடது" என்றார். பரிசலில் இருந்தவர்களுக்கும் கேட்க மறுபடி சொன்னார். "என் சட்டம். போன வருஷம் இதை மறுபடி அச்சடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான். படிக்காம போட்டேன். என் பேரு பொன்னுரங்கம். நாப்பத்தோரு நாளும் என்னோடது. வீராசாமியும் என் கணக்குதான். இப்ப எடுத்துடறேன். எடுத்தாச்சு."

இடி இடிக்கவில்லை, தண்ணீர் வரவில்லை. தணிகைநாதன் கையிலிருந்த பேனா மட்டும் நழுவி மணலில் விழுந்தது, அதுவும் பயத்தில். மாதையன் கழியை ஊன்றினார். கழி மணலில் குத்தி நின்றது, பரிசல் நகரவில்லை. யாருப்பா உள்ளே என்று பழக்கதோஷத்தில் கேட்டார். உள்ளே மேலத்தெருக்காரர்கள் மட்டும்தான் இருந்தார்கள். பரிசல் இனிமேல் கோழிக்குத்தான் என்பது எல்லோருக்கும் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் சந்தோஷப்பட்டவர்கள் சில பேர். பல பேர் முகத்தில் இருந்தது சலிப்பு. இவ்வளவு மூங்கில் வாங்கிப் போட்டோமே என்று ஒருத்தர் சொல்லிவிட்டார். மிளகாயை அள்ளச் சொல்லி ஒரு அம்மாள் பாலத்தைப் பார்த்துக் கத்தினார்.

அஞ்சலை அசையாமல் நின்று அவரைப் பார்த்தாள். நன்றி சொல்வாள் என்று சுபத்ரா எதிர்பார்த்திருக்கலாம், போட்டோகிராபரைக்கூட ஜாடை காட்டிக் கூப்பிட்டார். அஞ்சலைக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை, வந்தது வேறு. வாயைத் திறந்தாள், நாற்பத்தோரு நாளும் அந்த வாய்க்குள்ளே கிடந்தது வரிசை கட்டி நின்றது, அது மகளின் கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் திரும்ப உள்ளே போனது. எட்டே முக்கால்.

"இவளைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்து பேசறேன்" என்றாள். "பேரு சொன்னீங்கல்ல, இருங்க. எங்கயும் ஓடிடாதீங்க."

அம்மாவும் மகளும் பாலத்தில் ஏறினார்கள். ஊரே பார்த்தது. மிளகாய் அள்ளுகிறவர்களைத் தாண்டி, முதல் தூண், இரண்டாவது தூண் என்று போனார்கள், ஜெயரூபி நடக்கவில்லை, ஓடினாள், ஓடிக்கொண்டே ஒரு கையால் புத்தகத்தைப் பிரித்துப் படிக்கவும் பார்த்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் பழக்கத்தில் இந்தக் கரைப் பக்கமே கண்ணை வைத்துக் காத்திருந்தார்கள். பதினெட்டாவது தூணைத் தாண்டினார்கள். இந்தக் கரைக்கு யாரும் வந்து இறங்கவில்லை.

பிறகு நிழலில் இருந்தவர்கள் ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். சிலர் டிபன் பாக்சை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனார்கள். போகாதவர்கள் வேட்டியை உதறிக்கொண்டு, அவசரமே இல்லாமல், நாற்காலியைப் பார்த்து வந்தார்கள். முன்னால் வந்தது வீராசாமியின் சம்சாரம். போலீஸ்காரர் லத்தியை மாற்றிப் பிடித்தார்.

போன் அடித்தது. இந்தத் தடவை மேலிடம் நீளமாகவே பேசியது. கையெழுத்துப் போடலையா, யாரைக் கேட்டு வாயைத் திறந்தே, எவன் கேட்டாலும் நாக்கு குழறிப்போச்சுன்னு சொல்லு, ராஜினாமாவை நாங்களே டைப் பண்ணி வைக்கறோம், முதல்ல அங்கிருந்து கிளம்பு, அந்த ஜனங்க பக்கத்துல வர்றதுக்குள்ள கிளம்பு. பொன்னுரங்கம் எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றார். போனைத் தணிகைநாதனிடம் கொடுத்தார். டிரைவர் காரைத் திருப்பி நிறுத்திக் கதவைத் திறந்து பிடித்தான். சுபத்ரா வந்து சொன்னார், தணிகைநாதன் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னான், அழுகிற குரலில் சொன்னான், ஏறிடுங்க ஐயா, அந்தம்மா திரும்பி வர்றதுக்குள்ள ஏறிடுங்க.

அவர் நாற்காலியை ஆற்றைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, செருப்பிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். ஏறவில்லை.